ஆறாவது வரி

ஆமான்னு ஒரே வார்த்தையில முடிச்சுடலாம் சார். பயிற்சி கொடுத்தாச்சா? கொடுத்தாச்சு. அந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டுட்டு நீங்க மத்தியான ரயிலைப் பிடிச்சுடலாம். ஆனா என்கிட்ட கேட்டுட்டீங்களே, அதுதான் உங்க கஷ்டகாலம். இருபத்தாறு வருஷமா அடுத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தே பழகின வாய் இது. உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் குட்டை. க்ளாஸ்ல தூங்கறவங்களுக்குன்னே வெச்சிருக்கேன். சாய்ஞ்சா ஆடும், முழிச்சுப்பாங்க.

ஃபைலைப் பிரிச்சே வெச்சிருக்கீங்க. ரோலர் ஆபரேட்டர், வயசு முப்பத்தொண்ணு, பூட்டுப் பயிற்சி ரெண்டு தடவை, எழுத்துத் தேர்வு நூறு, செய்முறைத் தேர்வு நூறு. கீழ இருக்கறது என் கையெழுத்துதான். அந்த நூறை வெச்சுத்தானே அவரை வேலையை விட்டு அனுப்பப் போறீங்க? சரி, சொல்லாதீங்க, தலைமை ஆபீஸ் விசாரணை இன்னும் முடியலை. மேனேஜர் காலையிலயே என்கிட்ட தீர்ப்பைச் சொல்லி முடிச்சுட்டார். இவ்வளவு நல்லா சொல்லிக் கொடுத்த பிறகும் ஒருத்தன் இப்படிப் பண்ணா, அது திமிரு இல்லாம வேற என்னம்மான்னார். என்னைப் பாராட்டறாராம்.

மெஷினைப் பாத்தீங்களா? வெளியில நின்னு பாத்தா புரியாது. நம்ம வேலை அட்டைப்பெட்டி. காகிதத்துல பசை தடவி ஒட்டற ரோலர் அது. ஒரு ரயில் பெட்டி நீளம் இருக்கும், இந்தக் கோடியில நிக்கறவருக்கு அந்தக் கோடியில யார் இருக்காங்கன்னு தெரியாது. பசை காஞ்சு போச்சுன்னா ரோலருக்கு நடுவுல கைய விட்டுச் சுரண்டணும். அந்த நேரம் பாத்து யாராவது ஸ்விட்சைப் போட்டுட்டா? அதுக்குத்தான் ஆளுக்கொரு சிவப்புப் பூட்டு. கைய விடறவர் மெயின் ஸ்விட்சை இறக்கி, அது மேல தன் பூட்டைப் போடணும். வேலை முடிஞ்சு அவரே வந்து எடுக்கற வரைக்கும் கடவுளே நேர்ல வந்தாலும் அந்த மெஷின் ஓடக் கூடாது.

எட்டு நாள் முன்னாடி ஓடிடுச்சு.

பசை அண்ணன்னு ஒருத்தர், பசை போடறவர், எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவாங்க. பூட்டைப் போட்டுட்டுத்தான் கைய விட்டிருக்கார். டீ குடிச்சுட்டு வந்த ஆபரேட்டர் அந்தப் பூட்டை எடுத்து, ஒழுங்கா ஆணியில மாட்டிட்டு, மெஷினைப் போட்டிருக்கார். வலது கையில மூணு விரல் போச்சு. இதுல கொடுமை என்னன்னா, பசை அண்ணன் வேற யாரும் இல்லை, ஆபரேட்டருக்கு மச்சான். சம்சாரத்தோட கூடப்பிறந்த அண்ணன். பசை அண்ணன்தான் சிபாரிசு பண்ணி மாப்பிள்ளையை இங்க சேத்துவிட்டார்.

கேன்டீன்ல போய் ஒரு டீ குடிச்சுப் பாருங்க, காது கூசும். போன வருஷம் வீடு கட்டறப்போ மாப்பிள்ளைக்கும் மச்சானுக்கும் வாய்த் தகராறாம், அதை மனசுல வெச்சுத்தான் பண்ணிட்டானாம். பக்கத்துல நின்னு பாத்த மாதிரி பேசறாங்க. அந்த ஆபரேட்டருக்கு நெட்டைன்னு பேரு, ஆறடிக்கு மேல. இந்த ரூமுக்குள்ள நுழையறப்போ தலையை இடிச்சுக்காத நாளே இல்லை. இடிச்சுட்டு, நிலைப்படியைப் பாத்து மன்னிச்சுக்கோன்னு சொல்லிட்டு வருவார். அவரா சார்?

தெரியும், தெரியும். நீங்க கேட்டது பயிற்சியைப் பத்தி. அங்கதான் வரேன்.

இந்தப் பூட்டுப் பயிற்சி முழுக்க நான் உருவாக்கினது. அதுக்கு முன்னாடி வெளியிலேர்ந்து ஒருத்தர் கோட்டு போட்டுட்டு வருவார். நூத்திப்பத்து ஸ்லைடு. எண்பதாவது ஸ்லைடுல லைட்டைப் போட்டா பாதிப் பேர் கண்ணைக் கசக்குவாங்க. அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, அரை மணி நேரம் பேச்சு, மிச்சம் முழுக்க கைவேலைன்னு மாத்தினேன். அதோ அந்தப் பலகையில இருக்கு பாருங்க, பழைய ஸ்விட்ச் பெட்டி. கரண்ட் கிடையாது, பயப்படாதீங்க. ஒவ்வொருத்தரா வந்து நிறுத்தணும், பூட்டணும், இழுத்துப் பாக்கணும், ஸ்டார்ட் பட்டனை அமுக்கி ஓடலைன்னு தெரிஞ்சுக்கணும். நான் பக்கத்துல தாளோட நின்னு மார்க் போடுவேன்.

கடைசியில கருத்துப் படிவம். அஞ்சு மூஞ்சி போட்டிருக்கும், அழுமூஞ்சியில ஆரம்பிச்சு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கற மூஞ்சி வரைக்கும். ஹால் எப்படி, ஃபேன் சுத்துச்சா, டீ சூடா இருந்துச்சா, பயிற்சியாளர் பேசினது கேட்டுச்சா. என் சராசரி நாலே முக்காலுக்குக் கீழ இறங்கினதில்லை. ஒரே ஒரு தடவை இறங்குச்சு, அன்னைக்கு டீ ஆறிப் போச்சு. ஸ்டோர்ஸ்ல ஒரு பெரியவர், எதுக்கும் நடு மூஞ்சியிலதான் டிக் போடுவார். ஏங்க, சிரிக்கவும் மாட்டேங்கறீங்க அழவும் மாட்டேங்கறீங்கன்னு கேட்டுட்டேன். நடுவுல போட்டா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்மான்னு வருத்தப்பட்டார்.

பயிற்சிக்கு முன்னாடி ஒரு பரீட்சை, பின்னாடி ஒரு பரீட்சை. முன்னாடி சராசரி முப்பத்தெட்டு, பின்னாடி செய்முறை மார்க்கையும் சேத்து தொண்ணூத்தாறு. எழுத்துத் தேர்வு ரெண்டுலயும் அதே இருபது கேள்விதான், வரிசையைக்கூட மாத்தலை, அது வேற விஷயம். அந்த ரெண்டு சராசரியையும் ரெண்டு கம்பமா பக்கத்துல பக்கத்துல படம் வரைஞ்சு அனுப்பினேன். தலைமை ஆபீஸ்ல ஃப்ரேம் போட்டு மாட்டிட்டாங்களாம். லிஃப்ட் பக்கத்துல. பாத்திருக்கீங்களா? அதேதான். பச்சைக் கம்பம் என்னுது. அடுத்த மாசத்துலேர்ந்து மத்த ஆறு கிளைக்கும் இதே பயிற்சிதான், என்னைத்தான் தலைமைப் பயிற்சியாளரா போடறாங்க. லெட்டர் வந்து பத்து நாளாச்சு. வீட்டுக்காரர் அதுக்கு ப்ளாஸ்டிக் உறை வாங்கிட்டு வந்தார்.

இன்னொரு பரீட்சையும் இருக்கு. மூணு மாசம் கழிச்சு, வேலை நடக்கற இடத்துக்கே போய், சொல்லிக் கொடுத்ததைச் செய்யறாங்களான்னு பாக்கணும். திட்டத்துல நானே எழுதின பகுதி அது. எழுதறப்போ ரொம்ப அழகா இருந்துச்சு. நடைமுறையில என்ன பண்ணுவேன்னா, சூப்பர்வைசருக்கு ஃபோன் போடுவேன். என்னப்பா, எல்லாரும் பூட்டு போடறாங்களா? போடறாங்க மேடம். சரிப்பா. டிக். முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு இந்த நாலு வருஷத்துல டிக் போட்டிருக்கேன். கீழ இறங்க பதினேழு படி. மூட்டுவலின்னு சொல்லலாம். மூட்டுவலி போன வருஷம்தான் வந்துச்சு.

நான் எதையும் இழுக்கலை சார். ரயிலுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு.

நாலு வருஷம் முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு. அதைச் சொன்னாத்தான் மத்தது புரியும். கீழ வேலை செய்யறவங்களுக்கு ஆளுக்கொரு பூட்டு வாங்கினாங்க. பயிற்சி ரூமுக்கு ஒண்ணே ஒண்ணு கொடுத்தாங்க, சாவியும் ஒண்ணு. பாக்கிங்ல ஒரு தடியர், ரொம்பப் பொறுப்பானவர், நான் சொன்ன மாதிரியே பூட்டினார், சாவியை எடுத்து பாக்கெட்ல போட்டார், மார்க் வாங்கினார், பஸ் ஏறி வீட்டுக்குப் போயிட்டார். பூட்டு இங்க தொங்குது. இன்னும் பதினேழு பேர் வரிசையில நிக்கறாங்க. அவர் சம்சாரம் துணி துவைக்கறப்போ சாவி கிடைச்சு, மறுநாள் ஒரு கவர்ல போட்டு ஒட்டி அனுப்பினாங்க. கவர் மேல, இது என்னுடைய கணவருடையது அல்லன்னு எழுதியிருந்துச்சு. 

அன்னையிலேர்ந்து க்ளாஸ்ல ஒரு சின்ன மாற்றம் பண்ணேன். பூட்டினதும் சாவியைப் பூட்டுலயே விட்டுடுங்க, அடுத்தவருக்கு நான் எடுத்துக் கொடுக்கறேன்னு சொல்லிட்டேன். அவங்க பூட்டுவாங்க, இழுத்துப் பாப்பாங்க, கைய எடுத்துட்டுத் தள்ளி நிப்பாங்க. நான் சாவியைத் திருப்பி, பூட்டை எடுத்து, ஆணியில மாட்டுவேன். அடுத்தவர் வருவார். மூணு மணி நேர க்ளாஸ் ஒண்ணே முக்கால் மணி நேரத்துல முடிஞ்சுது. உற்பத்தி நேரத்தை மிச்சம் பிடிச்சதுக்குப் பாராட்டுக் கடிதம் வந்துச்சு. அதுக்கும் ப்ளாஸ்டிக் உறை உண்டு.

முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிட்டுப் போனேன், உரிக்கக் கை வேணுமேன்னு அங்க போனப்புறம்தான் தோணுச்சு. வாசல்ல நெட்டையோட சம்சாரம் நின்னாங்க. விபத்து நடந்ததுலேர்ந்து புருஷன்கிட்ட பேசலையாம். சாப்பாடு வெச்சுட்டு வந்துடறேன் மேடம், மூஞ்சியைப் பாக்கத்தான் முடியலைங்கறாங்க. எங்க அண்ணன் கைய எடுத்தவனோட எப்படி உக்காந்து சாப்பிடறதுன்னு கேக்கறாங்க.

உள்ள பசை அண்ணன் கட்டுப் போட்ட கையோட எழுந்து உக்காந்துட்டார். எனக்கு வணக்கம் சொல்ல இந்தக் கை அந்தக் கையைத் தேடுது. உக்காருங்க மேடம்னார். மாப்பிள்ளையைத் திட்டுவார்னு நினைச்சேன். திட்டலை. என்னையும் திட்டலை. ஒண்ணே ஒண்ணு கேட்டார். மேடம், மெஷினை நிறுத்தினேன், பூட்டு போட்டேன், இழுத்துப் பாத்தேன், பட்டனை அமுக்கிப் பாத்தேன், எல்லாம் க்ளாஸ்ல பண்ண மாதிரியே பண்ணேன், எனக்கு எந்த இடத்துல மார்க் போச்சு மேடம்?

உண்மையிலயே தெரிஞ்சுக்கத்தான் கேட்டார் சார். பரீட்சைத் தாளைத் திருப்பி வாங்கினவங்க கேக்கற மாதிரி.

அந்த செய்முறைத் தேர்வுத் தாளை எடுங்க. நெட்டையோடது. அதுல எத்தனை வரி இருக்குன்னு எண்ணுங்க. இன்னொரு தடவை எண்ணுங்க. ஒன்பதுதான். ஒவ்வொண்ணுக்கும் பத்து மார்க், அப்புறம் எப்படி நூறுன்னு பாக்கறீங்களா? கடைசி வரியைப் படிங்க. வேலை முடிஞ்ச இடத்தைச் சுத்தமாக வைத்தாரா. அதுக்கு மட்டும் இருபது. பெருக்கினதுக்கு இருபது மார்க் சார். எட்டு நாளா எத்தனையோ பேர் இந்தத் தாளைப் பாத்துட்டாங்க, ஒருத்தரும் கேக்கலை. கீழ நூறுன்னு இருந்தா மேல யாரு பாக்கறாங்க.

இது பழைய தாள். என் அலமாரியிலேர்ந்து இன்னைக்குத்தான் எடுத்தேன். இதுல பத்து வரி. ஆறாவதைப் படிங்க. சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் வைத்தாரா. அதை அடிச்சது நான். சாவியைப் பூட்டுலயே விடுங்கன்னு நானே சொல்லிட்டு, விட்டதுக்கு எப்படிப் பத்து மார்க் குறைக்கறது? எல்லாருக்கும் தொண்ணூறு தொண்ணூறா வந்தா கம்பம் குட்டையாயிடும். அடிச்சேன். பத்து மார்க்கை விளக்குமாத்துக்குக் கொடுத்தேன்.

எழுத்துத் தேர்வுல அந்தக் கேள்வி இப்பவும் இருக்கு. பதினாலாவது. சாவி எங்கே இருக்க வேண்டும்? எல்லாரும் சரியாத்தான் எழுதியிருக்காங்க, என் சட்டைப் பையில்னு. எழுதறப்போ சட்டைப் பைதான். கைக்குத்தான் பூட்டுல விட்டுப் பழக்கம். பசை அண்ணன் சாவியைப் பூட்டுலயே விட்டார். நெட்டை வந்தார். சாவியோட பூட்டு தொங்குது. க்ளாஸ்ல சாவி பூட்டுல இருந்தா என்ன அர்த்தம்? அந்த ஆள் முடிச்சுட்டார், எடுத்து ஆணியில மாட்டு, அடுத்தது. அவருக்குப் பழக்கப்பட்ட அர்த்தம் அதுதான். ரெண்டு தடவை என் கை அதைச் செஞ்சு காட்டியிருக்கு.

இல்லை, மனசு கஷ்டத்துல பேசலை. இன்னைக்குக் காலையில பதினேழு படியும் இறங்கினேன். கீழ மெஷினெல்லாம் சுத்தம் பண்ற நேரம், ஸ்விட்சுங்க மேல பதினாறு பூட்டு தொங்குது, பதிமூணுல சாவி. ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, சாவியை எடுத்து அவங்கவங்க பாக்கெட்ல நானே போட்டுட்டு வந்தேன். மேடம், ரூலை மாத்திட்டீங்களான்னு ஒருத்தர் கேட்டார். மாத்தலைப்பா, இதுதான் ரூல்னேன். அவருக்கு நம்பிக்கை வரலை. க்ளாஸ்ல இப்படி இல்லையே மேடம்னார்.

மேனேஜர்கிட்டயா? சொன்னேனே. இந்தத் தாளையெல்லாம் இப்ப எதுக்கும்மா கிளறிட்டு, ஆறு கிளை காத்திட்டிருக்குன்னார். அதான் உங்ககிட்ட கொடுக்கறேன். ரெண்டு தாளையும் ஃபைல்ல சேத்துடுங்க, ரெண்டுலயும் என் கையெழுத்து தேதியோட இருக்கு. அந்தத் தலைமைப் பயிற்சியாளர் லெட்டரையும் திருப்பிக் கொடுக்க உள்ள வெச்சிருக்கேன், உறையோட. உறையை மட்டும் கழட்டி என்கிட்ட கொடுத்தா வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார்.

கட்டத்துல டிக்கை அப்படியே வெச்சுக்கோங்க. பயிற்சி கொடுத்தாச்சு, அது பொய்யில்லை. காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல ஆபரேட்டரின் கவனக்குறைவுன்னு பென்சில்ல எழுதியிருக்கீங்க. அதை அழிச்சுட்டு என் பேரை எழுதுங்க. பேனாவுலயே எழுதுங்க.

என்ன சார்? மார்க்கையும் அழிக்கவா? சேச்சே, அதுல கைய வெக்காதீங்க. நான் சொல்லிக் கொடுத்ததை அவர் ஒரு இம்மி பிசகாம செஞ்சிருக்கார். அந்த நூறு சரியான மார்க்குதான்.