இடது மட்கார்டு

ராயபுரத்துக் கடற்காற்றில் பிசின் சொன்ன நேரத்துக்கு உறையாது. டப்பாவில் போட்டிருப்பதெல்லாம் சீமை வெயிலுக்கு. இங்கே விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கு அது ஒத்துவரும். ஓரிடத்தில் உட்கார்ந்தால் என் கால் ஆட ஆரம்பித்துவிடும். இப்போதும் நின்றுகொண்டே சொல்கிறேன், ஐயா. தப்பாக நினைக்காதீர்கள்.

என் பெயர் மஜீது. தண்டையார்பேட்டையில் ஒரு பட்டறையில் பதினாறு வருடமாக டிங்கர் வேலை. நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துவேன். இரண்டு மழை பார்த்தால் அதே தகரம் துருப்பிடித்துப் பொடியாக வந்து நிற்கும். மறுபடி தட்டுவேன்.

ஐம்பத்தேழில் வால்டர் வந்தார். கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய பழைய காரின் முன்பக்க மட்கார்டு இரண்டும் அரித்துப்போயிருந்தன. வெளிநாட்டில் இப்போது கண்ணாடி நூலில் நெய்த துணியைப் பிசினில் ஊறவைத்துக் காருக்கு உடம்பே செய்கிறார்கள் என்றார். கப்பல்காரர்கள் மூலம் ஒரு சுருள் துணியும் நாலு டப்பா பிசினும் தருவித்திருந்தார்.

“உன் கை போதும் மஜீது. செஞ்சு பாரு.”

என் வீட்டின் பின்னறையில் ஆரம்பித்தேன். கப்பலின் குளிரறையிலிருந்து கழித்துப் போட்ட நுரைப்பலகைகளை அடுக்கி ஒட்டி, அரத்தால் ராவி மட்கார்டின் வளைவைக் கொண்டுவந்தேன். நுரையின் மேல் பிசின் நேராகப் பட்டால் கரைந்துவிடும். அதனால் பிளாஸ்டர் பூசி, மெழுகு தேய்த்து, அதன் மேல் துணியைப் படியவிட வேண்டும். இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை. நாலு முறை கெட்டது. கண்ணாடி நூலின் தூள் பட்டு என் மனைவி ஜீனத்துக்கு உடம்பெல்லாம் அரிப்பு. “வூடு பூரா முள்ளு கீது” என்பாள். ஐந்தாவது முறை வந்தது. கழற்றும்போது அச்சு தூளாகிவிட்டது, ஆனால் மட்கார்டு வழுவழுவென்று கையில் நின்றது. துரு என்பதே இல்லாத பொருள். மெட்ராஸில் அதைச் செய்த ஆள் நான்தான் என்று நினைத்தேன்.

பொங்கல் கழித்து வண்டியைக் கொடுப்பதாகப் பேச்சு. போகியன்று விடியற்காலை, ஓட்டிப் பார்க்கலாம் என்று எண்ணூர் ரோட்டில் எடுத்துக்கொண்டு போனேன். எங்கும் பழைய பாய் எரியும் புகை. புகைக்குள்ளிருந்து ஒரு அம்மாள் மீன்கூடையோடு வந்தாள். காரின் இடது பக்கம் அவளை அடித்தது. பூவம்மா என்ற பெயர் பிறகு கோர்ட்டில்தான் தெரிந்தது. நெட்டுக்குப்பத்துக்காரி.

தகரமாக இருந்தால் நசுங்கியிருக்கும், அரை நாளில் தட்டி எடுத்திருப்பேன். இது உடைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உடைந்த துண்டுகளைச் சேர்த்து, பின்னால் துணி ஒட்டி, அதிலிருந்து புதிதாக அச்சு எடுத்து வேறொரு மட்கார்டு செய்தேன். பொங்கலன்று சாப்பிடக்கூட உட்காரவில்லை. அறைக்கும் தெருமுனைக்கும் நடந்தேன். வந்து தொட்டுப் பார்ப்பேன், மறுபடி நடப்பேன்.

ஒரு முழ நீளத் துண்டைக் காட்டி ஜீனத் கேட்டாள்: “இது மேல இன்னா கறை?”

“துரு.”

“இதுக்குத் துருவே புடிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்கோ?”

துண்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அடிபட்ட வண்டியைத் தேடி உங்கள் ஆட்கள் எல்லாக் கார்களையும் பார்த்தார்கள். வால்டர் வீட்டுக்கும் போனார்கள். ஒரு கான்ஸ்டபிள் மட்கார்டைத் தட்டிப் பார்த்து, “இன்னா சார், தகரமே இல்லியே?” என்று சிரித்தாராம். வால்டர் பெருமையாக என் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

பிடிபட்டது சுப்பராயன். கொருக்குப்பேட்டை லாரி டிரைவர். ரோட்டோரம் கிடந்தவளைத் தன் லாரியில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். லாரியில் ரத்தம் இருந்தது, முன் பம்பரில் ஒரு நசுங்கலும் இருந்தது. அதைப் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார்கள். நசுங்கிய மடிப்புக்குள் துரு ஏறியிருந்தது. பழைய அடி என்று பார்த்தவுடனே தெரிந்தது. புது அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினாறு வருட அனுபவம் என்று அதில் குறித்தார்கள்.

கோர்ட்டில் சுப்பராயன் அழவில்லை. “லாரில வர்றப்போ அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிகினு வந்துச்சு. தூக்கினான், தூக்கிட்டு வச்சுட்டான்னு” என்றான். யாருக்கும் அர்த்தம் புரியவில்லை. அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். சுப்பராயனுக்கு இரண்டு வருடம்.

போன மாதம் ஜெயிலிலேயே காய்ச்சல் கண்டு செத்துப்போனான். அவன் மனைவி பட்டம்மாள் கைக்குழந்தையோடு எங்கள் தெருவில் வீட்டு வேலை கேட்டு வந்தாள். யாருடைய பெண்சாதி என்று ஜீனத் கேட்டுத் தெரிந்துகொண்டாள். மறுநாள் அந்தத் துண்டைத் துணியில் சுற்றி உங்கள் மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை.

ரோட்டில் சிதறிய துண்டு என்னிடம் எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். சரியான கேள்வி. நான் திரும்பிப் போனேன்.

கொஞ்ச தூரம் போய் நிறுத்திப் பார்த்தேன். மட்கார்டின் நடுவில் ஒரு பெரிய துண்டு இல்லை. அது இல்லாமல் வளைவு வராது. அச்சும் இல்லை, நாளும் இல்லை. இன்னொருவன் கையில் அது கிடைத்தால், இந்தச் சாமான் ஒரு அடிக்குத் தாங்காது என்று ஊரே சொல்லும். தாங்காதது சாமானின் குற்றமில்லை, ஐயா. அந்த இடத்தில் நான் இன்னும் ஒரு மடிப்புத் துணி வைத்திருக்க வேண்டும்.

மண்ணில் அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். நினைவு இருந்தது. மீன் சுற்றிலும் கொட்டிக் கிடந்தது. துண்டு அவள் தோளுக்கு அடியில் இருந்தது. உருவினால் உடைந்துவிடும். என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“தூக்கு நைனா.”

இரண்டு கையாலும் தூக்கினேன். கனமே இல்லை. “நல்லாருப்பே நைனா” என்றாள். ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுகையால் துண்டை எடுத்தேன். முழுசாக வந்தது. கார் பத்தடியில் நின்றது, பின் சீட் காலியாகத்தான் இருந்தது. ஆனால் புது உறை.

அவளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன் என்று எழுதாதீர்கள். தலை மண்ணில் படாமல், அவளுடைய கூடைத்துணியை மடித்து அடியில் வைத்து, மெதுவாகத்தான் இறக்கிவைத்தேன்.