மிச்சமிருந்த நாலு செகண்டு

— மாமா, மொதல்ல மவுஸ்ல இருந்து கைய எடுங்க. இனிமே எதையும் அழிக்காதீங்க.

— அழிக்காம என்னடா மாப்ள பண்றது? காலைல இருந்து அழிச்சு அழிச்சு விரலே தேஞ்சு போச்சு. பழைய விளம்பரம், பழைய கல்யாணம், நம்ம ஸ்டுடியோவுல எடுத்த எல்லாத்தையும் தூக்கியாச்சு. அப்பவும், எடுத்த படமெல்லாம் சேத்து வைக்கிற இந்தப் பெட்டி 'இடமில்ல, இடமில்ல'ன்னு ஒப்பாரி வைக்குது. கேமராக்காரன் வேற கார்டக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறான்.

— நீங்க எதை அழிச்சாலும் இடம் வராது. ஸ்னாப்ஷாட் பிடிச்சு வச்சிருக்கும்.

— அது யாரு புதுசா?

— பெட்டி வாங்கினப்பவே சொன்னேனே. தினம் ஒரு தடவை, உள்ள என்னென்ன எப்படி எப்படி இருக்குன்னு படம் பிடிச்ச மாதிரி தானாவே பதிஞ்சு வச்சுக்கும். அப்புறம் நீங்க ஒரு ஃபைல அழிச்சா, நம்ம கண்ணுக்குத்தான் போயிருக்கும். அந்த ஸ்னாப்ஷாட் இருக்கற வரைக்கும் அது உள்ள கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கும். அக்கா பக்கத்துல உக்காந்து, கேள்வி மேல கேள்வி கேட்டுக் கத்துக்கிட்டா. நீங்க சோபாவுல குறட்டை.

— உக்காந்திருக்கும்னா... எத்தனை நாளைக்கு?

— ரெண்டு மாசம். அதுக்கப்புறம் பழசு தானா கழியும்.

— போன மாசம் அழிச்சது?

— ஜம்முனு இருக்கும்.

— அப்போ எல்லா ஸ்னாப்ஷாட்டையும் ஒண்ணு விடாம அழிச்சிடு. இப்பவே. உங்கக்கா முடி வெட்டிட்டு வர்றதுக்குள்ள.

— ஏசி ஓடுது. எதுக்கு மாமா இப்படி வேர்க்குது?

— எனக்கு உடம்புவாகு அப்படி. நீ அழி.

— போன மாசம்தான அக்காவோட படம் காணாமப் போச்சு? லிஃப்ட் ரிப்பேர்காரரைப் பத்தி ஒரு வருஷமா எடுத்தாளே. பெட்டி தின்னுடுச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?

— பெட்டின்னா அப்பப்போ...

— பெட்டி திங்காது மாமா. 'பெட்டிய ஒழுங்கா வைக்கத் தெரியாதவன்'னு உங்க ஒண்ணுவிட்ட சித்தப்பா வரைக்கும் என்னக் காறித் துப்பியாச்சு. நான் வந்து பாக்கறேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். அக்காதான் 'விட்றா, பெட்டிப் பக்கமே வராத'ன்னுட்டா. ஹேர்பின் தொலைஞ்சாலே தெருவ எழுப்புறவ, படம் தொலைஞ்சதுக்கு என்னை ஒரு வார்த்தை கூடத் திட்டல.

— என்னையும்தான் திட்டல. அதுதான்டா எனக்குத் தாங்கல.

— என்ன பண்ணித் தொலைச்சீங்க?

— அதுல ஒரு காட்சி. லிஃப்ட்காரர் ஏணி மேல நின்னு, செத்துப்போன தன் கூட்டாளியப் பத்தி உருக்கமா பேசறார். பின்னாடி நான் நிக்கிறேன்.

— நின்னா என்ன?

— மூக்க நோண்டிக்கிட்டு நிக்கிறேன். நாலு செகண்டு. சாவகாசமா, உலகத்துல வேற வேலையே இல்லாதவன் மாதிரி. வெட்டிடுன்னு உங்கக்காட்ட கெஞ்சினேன். 'படத்துலயே பொய் இல்லாத இடம் அதுதான்'னுட்டா. அவ குளிக்கப் போன நேரம் பாத்து, நானே வெட்டிடலாம்னு உக்காந்தேன்.

— உங்களுக்கு வெட்டத் தெரியுமா?

— எனக்கு பில்லு போடத் தெரியும். இருந்தாலும் வெட்டினேன். சேவ் பண்ணிட்டு ஓட்டிப் பாத்தா, என் மூக்கு மட்டும் இருக்கு. மிச்ச நாப்பது நிமிஷத்தக் காணோம்.

— ஐயோ மாமா!

— சிரிக்காதடா. அந்த பயத்துல ஃபோல்டரையே சுத்தமாத் துடைச்சுட்டு, பெட்டி தின்னுடுச்சுன்னு சொல்லிட்டேன். அன்னைக்கு ராத்திரி பாத்திரம் தேய்க்க ஆரம்பிச்சவன் இன்னும் நிறுத்தல. துணி, இஸ்திரி, சமையல், எல்லாம் நான்தான். அவ பாவம், கதவச் சாத்திக்கிட்டு பகல் பூரா படத்த மறுபடி முதல்ல இருந்து வெட்டி ஒட்டிட்டிருக்கா. நடுநடுவுல சிரிக்கிற மாதிரி சத்தம் கேக்கும். துக்கம் முத்தி இப்படி ஆயிட்டாளோன்னு கதவுல காத வச்சுக் கேட்டுக்கிட்டே நிக்கிறேன்.

— இப்ப என்ன, அழிக்கவா? ஒரே தட்டு. உங்க மூக்கும் போகும், அவளோட ஒரு வருஷ உழைப்பும் போகும். யாருக்கும் தெரியாது.

— டேய், அப்படிக் கேக்காத.

— நீங்க சொன்னதத்தான் கேக்கறேன்.

— அழிக்காத. அத வெளிய எடுத்துக் குடு. பெட்டியே மனசு மாறிக் கக்கிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.

— மாமா...

— சரிடா, சரி. நான்தான்னு சொல்லிடறேன். அடிச்சா வாங்கிக்கறேன். ஒரு மாசமா அவ முகத்தப் பாத்துட்டு ஒரு வாய் சோறு இறங்கல எனக்கு. உன் பேரையும் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்கோ மாப்ள. மத்த ஸ்னாப்ஷாட்ட எல்லாம் அழிச்சு இடம் பண்ணு. அவ படம் இருக்கறத மட்டும் பத்திரமா வை.

— இருங்க, தேதி பாக்கறேன். நீங்க துடைச்சதுக்கு முந்தின நாளோடதுதான் வேணும். இதோ... மாமா, இத நான் பத்திரமா வைக்க வேண்டியதில்ல. ஏற்கெனவே பூட்டு போட்டிருக்கு.

— பூட்டா? என்ன பூட்டு?

— ரெண்டு மாசம் ஆனாலும் கழியக் கூடாது, யாரும் அழிக்கவும் கூடாதுன்னு போடற பூட்டு.

— நீ போட்டியா?

— நான்தான் பெட்டிப் பக்கமே வரலையே. அக்கா பேர்ல இருக்கு. படம் போச்சுல்ல, அதுக்கு மறுநாள் காலைலயே போட்டிருக்கா.

— மறுநாளேவா? அப்போ ஒரு மாசமா கதவச் சாத்திக்கிட்டு உள்ள என்னத்தடா வெட்டி ஒட்டுறா?

— அது எனக்குத் தெரியாது. ஆனா பூட்டுக்குக் கீழ ஒரு வரி எழுதி வச்சிருக்கா.

— படிடா.

— 'அவரா வாயத் திறந்து சொல்ற வரைக்கும் இது இப்படியே இருக்கட்டும். பாத்திரம் பளபளன்னு இருக்கு.'