வேட்டியில ஒட்டுன நாயுருவி

தண்ணியெல்லாம் அப்பறம் குடிச்சுக்கலாமுங்க தம்பி. மொதல்ல அந்த அருவாளக் கீழ வைங்க. நாயுருவியத்தானுங்களே வெட்டறீங்க? இப்ப வெட்டி என்னத்துக்கு ஆகுது? தை பொறந்தாச்சு, வெதையெல்லாம் முத்திப் போச்சு. ஆவணியில பூத்து நின்னப்பவே வெட்டியிருக்கோணும்.

அப்பப் பாத்தா பூன்னே தெரியாதுங்க. பச்சையா, மூக்குத்திப் பொட்டாட்டம் இருக்கும். எரும படுத்து எந்திரிச்சாக்கூட ஒண்ணும் ஒட்டாது. அப்பறம் ஒவ்வொரு பூவும் தலகுப்புறக் கவுந்து, முள்ளு வெச்சுக் காஞ்சுதுன்னு வைங்க, போறவன் வாறவன் வேட்டியெல்லாம் புடிச்சுக்கும். என்ற ஊட்டுக்காரரு மாட்டுனது அப்பிடித்தானுங்க.

சிரிக்காதீங்க. அறுவத்தி மூணு வயசு, முட்டி வலி, வாயில நாலே பல்லு. தெனமும் சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போறேன்னு காலையில கெளம்புனா, திரும்பி வர ரெண்டு மணி நேரம். ஆவணியிலிருந்தே இந்தக் கூத்துதான், எனக்கு ஒரு சந்தேகமும் வரலீங்க. மார்கழியில தொவைக்கப் போட்ட வேட்டியப் பாத்தா, கரை நெடுக நாயுருவி! ஏனுங்க, சொசைட்டி வாசல் பூராம் சிமெண்ட்டு. எங்க தோட்டத்துல நானே களையெடுத்துட்டேன். ரோட்டோரத்த நூறு நாள் வேலைப் பொம்பளைக செதுக்கி வெச்சிருக்காளுக. அப்பறம் இந்தக் கருமம் எங்கிருந்து வருது? கேட்டா, மாடு ஒரசுச்சாம்!

அத்தோட நின்னுச்சா? மரத்துல இருந்த பிஞ்சு மாங்காயும் காணாமப் போகுது. இந்த மூஞ்சிகிட்ட எவ மாங்கா வாங்கித் திங்கறா? மூணு நாளு எனக்குச் சோறு எறங்கலீங்க. அவ கொண்டையப் புடிச்சு உலுக்கிட்டுத்தான் மறுவேலைன்னு இன்னைக்குப் பின்னாலயே வந்தேன். வாய்க்கா மேட்டுல இந்த ஊட்டுப் பக்கம் மட்டும் இடுப்பொசரம் நாயுருவி நிக்குது, நடுவுல ஒத்தையடித் தடம்.

இப்பத்தான் உங்க சன்னல் வழியா எட்டிப் பாத்தேன். மனுசன் சம்மணம் போட்டு உக்காந்து, மொளகாப்பொடி தூவி மாங்கா நறுக்கறாரு! முப்பது வருசத்துல எனக்கு ஒரு வெங்காயம் நறுக்கிக் குடுத்ததில்லீங்க, பாவி.

உங்களுக்கு ஏனுங்க இப்பிடி வேர்க்குது? வாசல மறிக்காதீங்க, சண்டைக்கு வரல. ரெண்டு வருசம் முந்தி உங்களோட போனப்ப, பெத்த மவ செத்துட்டான்னு ஊரறியச் சொன்னவ நாந்தான். அந்த வாய்க்குச் சூடு போடோணும். கோமதிய எந்திரிக்க வேண்டாம்னு சொல்லுங்க, வயித்தப் பாத்தா ஏழு மாசம் இருக்கும். நானே உள்ள வாறேன்.

கொஞ்சம் நகருங்க மாப்ளெ.