காப்புக் கட்டிய கை

அவைத் தலைவர் சாத்தப்பன் அவர்களே, கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சீதாலெட்சுமி அம்மையாரே, பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பிலிருந்து திரண்டு வந்திருக்கும் தோழர்களே, வணக்கம். நான் பட்டறைத் தொழிலாளி வேலாயுதம். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன்.

நாம் இழந்து நிற்கும் டிரசர் சபாபதி பிள்ளை அவர்கள் யார்? அறுவை மேசைக்குப் பக்கத்தில் நின்ற ஆஸ்பத்திரி உத்தியோகஸ்தர் மட்டுமா? மலேரியாவில் வெளுத்துப்போன தோட்டத்து ஆளை மேசைக்குக் கொண்டுவந்தால், "மொதல்ல ரத்தம் ஊறட்டும் தொரை. பத்து நாள் ஈரலும் கீரையும் குடுத்துட்டு அப்புறம் கத்தி வைங்க" என்று வெள்ளைக்கார டாக்டரையே நிறுத்தியவர். வேறு யாருக்கு அந்தத் துணிவு வந்தது?

அப்படியும் இரத்தம் போதாதவர்களுக்கு நாங்கள் ஆறு பேர் இருந்தோம். எங்கள் இரத்தம் எவருக்கும் சேரும் என்று சோதித்தறிந்து, பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தவர் அவர். தீமிதிக்குக் காப்புக் கட்டியவன் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டான், உடம்பில் ஊசி படவும் விட மாட்டான். அதனால் ஆண்டுதோறும் இருவர் முறைவைத்துக் காப்புக் கட்டாமல் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்.

இந்த ஆண்டு முறை நாகையாவுக்கும் எனக்கும். நாகையா முந்தின வாரந்தான் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இரத்தம் கொடுத்திருந்தார். அந்த நேரம் பார்த்து என் மகன் வாசுவுக்குக் காய்ச்சலில் நினைவு தப்பியது. ஆத்தாவிடம் வேண்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாமல் காப்புக் கட்டினேன். கொயினா மாத்திரையோடு வீட்டுக்கு வந்த டிரசரிடம் கையைத் துண்டுக்குள் மறைத்தேன். பிள்ளை கண் விழித்தான்.

மூன்றாம் நாள் டிரசருக்கே வயிற்றுப்புண் வெடித்தது. அம்மையார் ஓடி வந்தார்கள்.

"வேலாயுதம் தம்பி, ரொம்ப ரத்தங் கக்கிட்டாரு. ஒடனே வாங்க."

நான் கையைக் காட்டினேன். அவிழ்த்தால் பிள்ளைக்கு என்ன ஆகும்? அவிழ்க்காவிட்டால் அவருக்கு என்ன ஆகும்? அவையோரே, நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அம்மையார் திரும்பிப் போனார்கள். அன்று மாலை அவர் போய்விட்டார்.

நான் தீயில் இறங்கினேன். கால் சுடவில்லை. சுட்டிருந்தால் தேவலை என்றிருக்கிறது.

அதுவரை திறந்தே பார்க்காத அந்த நோட்டை நேற்று அம்மையார் என்னிடம் கொடுத்தார்கள். என் பெயருக்கு நேரே பென்சிலில் அவர் கையெழுத்து: "காப்புக் கட்டிவிட்டான். பிள்ளைக்காக. கூப்பிட வேண்டாம்." கொயினா கொடுத்த நாளின் தேதி போட்டிருக்கிறது. பார்த்திருக்கிறார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் முன் உறுதி கூறுகிறேன். நாளைக்கே வாசுவுக்குக் காய்ச்சல் திரும்பினாலும் இந்தக் கையில் இனிக் காப்பு ஏறாது. ஆத்தா என்ன நினைப்பாளோ என்ற பயம் எனக்கு உண்டு. ஆனாலும் சொல்கிறேன். அவர் எழுதிய வரியை நான் அழிக்கவில்லை. அதற்குக் கீழே "கூப்பிடுங்கள்" என்று எழுதிவிட்டுத்தான் இங்கே வந்தேன்.