கூப்பிட வேண்டாம் என்று சொல்லிப் பழகிய அக்காவுக்கு

இணைப்பு உதவிப் பிரிவின் இணையற்ற துணையே! பதறி அழைத்தோரைப் பக்குவமாய்ப் பேசித் தேற்றிய பண்பின் பெட்டகமே! மோடத்தின் முனகலைக் கேட்டே நோயறிந்த மருத்துவச்சியே! முதலாளி முதல் வாயிற்காவலர் வரை எல்லோருக்கும் அக்காவாகிவிட்ட எங்கள் அக்காவே! பணி நிறைவு பெற்றுப் புறப்படும் தங்களைப் பாராட்ட வாய் வருகிறது. அனுப்ப மனந்தான் வர மறுக்கிறது.

கணினி வாங்கிய வீடெல்லாம், மோடம் என்னும் பெட்டியைக் கொண்டு தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தைப் பிடிக்கத் தெரியாமல் கைபிசைந்து நின்றபோது, தங்கள் குரல் ஒன்றே அவர்களுக்குக் கைகொடுத்தது. பாதிப்பேர் பக்கத்து வீட்டிலிருந்துதான் அழைப்பார்கள் என்பதால், ரிசீவரை எடுத்ததும் கேட்கும் டயல் டோன் அவர்கள் வீட்டில் வருகிறதா என்று முதலில் கேட்பீர்கள். பிறகு, சுவரிலிருந்து வரும் கம்பி மோடத்தின் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பீர்கள். இரண்டும் சரியென்றால், அவர்கள் மோடத்தை நம் அறைத் தொலைபேசிக்கே அழைக்கச் செய்து, அந்தக் கீச்சொலியைக் கண்மூடிக் கேட்பீர்கள். நாங்கள் காதைப் பொத்திக்கொண்ட ஓசையைத் தாங்கள் கைக்குழந்தையின் அழுகையைக் கேட்பதுபோல் கேட்டு, பசியா வலியா என்று சொல்லிவிடுவீர்கள்.

மதியமானால் இணைப்பு அறுந்துபோகிறது என்று தையற்கலைஞர் ஒருவர் அழுத அழுகையை மறப்போமா! புது மோடம் வாங்கச் சொல்லிவிட்டோம் நாங்கள். தாங்களோ ரிசீவரை வாங்கி, "வீட்ல இன்னொரு போன் இருக்காம்மா?" என்றீர்கள். அதே கம்பியில் மாடியில் ஒன்று இருந்தது, மாடியில் மாமியாரும் இருந்தார். மருமகள் யாரிடம் பேசுகிறாள் என்று அறிய அவர் ரிசீவரை எடுக்கும்போதெல்லாம் இணைப்பு செத்துக்கொண்டிருந்தது. "மோடத்துல கோளாறு இல்லம்மா, மாடியிலதான். அந்தக் கீச்சுச் சத்தத்தை அவங்களையே ஒரு தடவை கேக்க விடுங்க, அப்புறம் எடுக்க மாட்டாங்க" என்றீர்கள். அன்று முதல் அந்த வீட்டில் இணைப்பும் நிலைத்தது, இணக்கமும் ஓரளவு நிலைத்தது.

இப்பிரிவுக்கு ஒரு விதி வகுத்தவரும் தாங்களே. வீட்டுக்கு ஒரே தொலைபேசிக் கம்பி. பேச்சுக்கும் அதுதான், மோடத்துக்கும் அதுதான். நாம் சொன்ன வழி சரியா என்று பார்க்க, அவர்கள் நம்மோடு பேசுவதை நிறுத்தியே ஆகவேண்டும். சரியானவர்களெல்லாம் நன்றி சொல்லத் திரும்ப அழைத்தால், தவிப்பவர்களுக்கு வழி அடைந்துபோகும். ஆகவே, "கனெக்ட் ஆச்சுன்னா கூப்பிட வேண்டாம், ஆகலைன்னா மட்டும் கூப்பிடுங்க" என்று சொல்லி வைப்பீர்கள். அழைக்காதவர் எல்லாம் நலமென்று கொள்ளவும் எங்களைப் பழக்கினீர்கள்.

இதற்கு மேல் மடலை மங்கலமாகவே முடித்திருப்போம். ஆனால் தாங்கள்தான், "சும்மா புகழ்ந்து தள்ளாதீங்க. என் தம்பி விஷயத்தையும் எழுதுங்க. சின்னப் பிள்ளைங்க அந்த விதியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது" என்று கட்டளையிட்டீர்கள். அக்கா சொல்லைத் தட்டுவதெப்படி? எழுதுகிறோம்.

நோயுற்ற தந்தையை யார் வைத்துப் பார்ப்பது என்று எழுந்த வாக்குவாதத்தில் தங்கள் தம்பி பேச்சை நிறுத்தினார். தந்தை மறைந்த பின்னும் அந்த மௌனம் மறையவில்லை. பிறகு ஒருநாள், நம் பிரிவின் எண்ணுக்கே அழைத்தார். "அக்கா, பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வாங்கியிருக்கேன். மோடம் கனெக்ட் ஆக மாட்டேங்குது" என்றார். தாங்கள் பழக்கதோஷத்தில், "டயல் டோன் வருதா?" என்றீர்கள். தம் வீட்டுத் தொலைபேசியிலேயே பேசிக்கொண்டிருப்பவரிடம்! "வருதுக்கா" என்றார் அவரும். கம்பி துளை மாறியிருந்ததைக் கண்டு சொன்னீர்கள். அவர் ரிசீவரை வைக்காமல் நின்றார். "வேற ஏதாவது இருக்கா?" என்று எல்லோரிடமும் கேட்பதையே கேட்டீர்கள். "இல்லக்கா" என்றார். "சரி, மாட்டிப் பாரு. கனெக்ட் ஆச்சுன்னா கூப்பிட வேண்டாம்."

இணைப்பு முதல் முயற்சியிலேயே கிடைத்துவிட்டது. அதனால் அவர் கூப்பிடவில்லை.

தாங்களும் நலமென்றே கொண்டீர்கள். உறவினர் வீட்டுத் திருமணத்தில் தம்பி மனைவி சொல்லித்தான் தெரிந்தது: "கனெக்ட் ஆனதும் உடனே நிறுத்திட்டாரு அண்ணி. கம்பியைக் கழட்டித் திரும்ப போன்ல மாட்டிட்டு, பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. 'நீங்களே கூப்பிடலாமே'ன்னேன். 'கூப்பிட வேண்டாம்னு சொல்லிட்டா'ன்னாரு." அதைக் கேட்ட பிறகு எந்த முகத்தோடு அழைப்பது என்று தயங்கி, தயக்கத்தையே வழக்கமாக்கிக்கொண்டீர்கள். "மோடத்தைச் சரி பண்ணேன், தம்பியைத் தொலைச்சேன்" என்று தேநீர் வேளையில் தாங்கள் சொன்னீர்கள். அந்த வருத்தம் எங்களுக்கும் இருக்கிறது.

தங்களுக்குத் தெரியாமல் ஒன்று செய்தோம், பொறுத்தருள்க. நம் அறையிலேயே நடக்கும் இவ்விழாவுக்கு வருமாறு தம்பியை அழைத்தோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அக்கா கூப்பிடறாளா, ஆபீஸ் கூப்பிடுதா?"

பிறர் கேள்விக்கெல்லாம் விடை சொல்லியே ஊதியம் வாங்கும் நாங்கள் இந்த ஒன்றை மட்டும் தங்கள் மேசைக்கே அனுப்பிவைக்கிறோம். முன்வரிசையில் அவருக்கென இட்ட நாற்காலி காலியாகவே இருக்கிறது. தம்பி வரவில்லை அக்கா. ஆனால் இம்மாலை வீட்டில்தான் இருப்பதாகச் சொன்னார், நாங்கள் கேட்காமலே.

பிரியமுள்ள அக்காவே! பிணியின்றி, பேச்சுத்துணை குறையாமல் நெடுங்காலம் வாழ்க! நலமாக இருந்தாலும் எங்களைக் கூப்பிடுங்கள், ஒன்றுமே இல்லையென்றாலும் கூப்பிடுங்கள். தாங்கள் வகுத்த விதியை இந்தப் பிரிவு இன்றோடு கைவிடுகிறது.

இம்மடலை வாசித்து முடித்ததும் நாங்கள் அனைவரும் எழுந்து வெளியே போகிறோம். தொலைபேசி தங்கள் மேசையில்தான் இருக்கிறது. டயல் டோன் வருகிறது, பார்த்துவிட்டோம்.

இவண்,
கதவைச் சாத்திக்கொண்டு வெளியே காத்திருக்கும்
இணைப்பு உதவிப் பிரிவுப் பணியாளர்கள்