காலையில் ஆறிப்போகும் குவியல்

மகள்: கையை நல்லா உள்ள விட்டுப் பாருங்க. சூடு இருக்கா?

மருமகன்: இருக்கற மாதிரியும் இருக்கு... இல்லாத மாதிரியும் இருக்கு.

மகள்: ஏங்க, ஒரு பதிலா சொல்லத் தெரியாதா?

அப்பா: கையை எடுங்க மாப்பிள்ளை. பள்ளிக்கூட ஆய்வகத்துல முப்பது வருஷம் சோதனைக்குழாய் கழுவினவன் நான். தெர்மாமீட்டர் இருக்கறப்ப கையை நம்பறதா?

மகள்: சரிப்பா, எவ்வளவு காட்டுது?

அப்பா: இருபத்தொம்பது.

மகள்: நேத்து சாயங்காலம் நாப்பத்தொண்ணு இருந்துச்சே!

அப்பா: ஆமா. நோட்டுல எழுதியிருக்கேன்.

மகள்: முந்தாநாளும் இதே கதைதான். சாயங்காலம் ஏறுது, விடிஞ்சா விழுது. உரக்குவியலுக்கு என்ன காய்ச்சலா, ஏறி ஏறி இறங்கறதுக்கு?

மருமகன்: ராத்திரி பனி விழுதுல்ல...

மகள்: மேல சாக்கு போட்டுத்தானே மூடியிருக்கு?

மருமகன்: அப்ப... எறும்பு?

மகள்: எறும்பு வந்து விசிறி விட்டுட்டுப் போகுதா?

அப்பா: அவரை ஏம்மா அதட்டற? அவரும் குழம்பித்தான் போயிருக்கார்.

மகள்: நான் மட்டும் குழம்பலையா? தோட்டக்கலை வகுப்புல சொன்னபடிதானே எல்லாம் செஞ்சேன். வீடு கட்டினவங்க போட்டுட்டுப் போன செங்கல் துண்டு, சிமெண்டுக் கட்டி எல்லாம் பொறுக்கினோம். புல்லு மறுபடி முளைக்காம இருக்க அது மேல அட்டைப்பெட்டியப் பிரிச்சு விரிச்சோம். இந்த மூலையில குவியல் போட்டோம். ஒரு பங்கு பச்சை, ரெண்டு பங்கு காய்ஞ்சது. ஆறு வாரத்துல கருப்பா, பொலபொலன்னு ஆயிடும்னாங்க. இன்னியோட பத்து வாரம். போன மாசம் போட்ட முட்டைக்கோஸ் தண்டு அப்படியே என்னைப் பார்த்துச் சிரிக்குது.

மருமகன்: மெதுவா ஆகட்டுமே. மண்ணுக்கு என்ன அவசரம்?

மகள்: மண்ணுக்கு இல்லங்க, நாத்துக்கு. தொட்டியில நெட்டையா வளர்ந்து சாயுது. இந்த வாரம் நடலைன்னா தூக்கிப் போட வேண்டியதுதான். இன்னொண்ணு... வேண்டாம், விடுங்க.

மருமகன்: என்ன? சொல்லு.

மகள்: உரம் ஆச்சுன்னா அப்பா கிளம்பிடுவார். ஆகலைன்னா நாத்து போயிடும். எதை வேண்டிக்கறதுன்னே தெரியல எனக்கு.

அப்பா: இதுல என்னம்மா குழப்பம்? பத்து நாள் இருக்கலாம்னு வந்தேன். நீ குவியல் ஆரம்பிச்ச. சரி, இதை முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்னு சொன்னேன். சொன்ன சொல்லு சொன்னதுதான். வேலையில்லாம ஒருத்தர் வீட்டுல உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்ல.

மகள்: ஒருத்தர் வீடா இது? அம்மாவும் இல்லாத வீட்டைப் போய்த் திறந்து, யார்கிட்டப் பேசப் போறீங்க?

அப்பா: ...ரேடியோ இருக்கு.

மகள்: ரேடியோ பதில் பேசுமா?

அப்பா: அதுதான் அதுகிட்ட நல்ல குணம்.

மகள்: சிரிக்காதீங்கப்பா. ஏங்க, அந்த மண்வெட்டிய எடுங்க. அடிவரைக்கும் கிளறிப் பார்த்துடறேன்.

மருமகன்: இப்ப வேண்டாமே... வெயில் ஏறுது பாரு.

மகள்: இன்னும் ஏழு மணிகூட ஆகல. குடுங்க இப்படி. ...இதென்ன? நடுவுல எல்லாம் மஞ்சமஞ்சளா... மரத்தூள்! நாம மரத்தூளே போடலையே? அப்பா, நீங்களா?

அப்பா: நான் போடலம்மா.

மகள்: ஏங்க.

மருமகன்: ம்...

மகள்: உங்க தச்சுப் பட்டறையில மூட்டை மூட்டையாக் கிடக்கறது என்ன?

மருமகன்: ...தினம் ஒரு வாளிதான் போட்டேன்.

மகள்: தினமா!

மருமகன்: காய்ஞ்சது கூடிப்போச்சுன்னா வேகாதுன்னு நீதானே வகுப்புல கேட்டுட்டு வந்து சொன்ன.

மகள்: அட கடவுளே. வேகக் கூடாதுன்னா போட்டீங்க?

மருமகன்: வெந்தா மாமா பெட்டியக் கட்டிடுவாரே. அவர்கிட்ட செஸ்ஸுல தோக்கலைன்னா ஞாயித்துக்கிழமை மாதிரியே இருக்காது எனக்கு. இங்கயே இருங்கன்னு நேரா சொல்ல வாய் வரல. சொன்னாலும் கேக்கற ஆளா அவர்? உன் நாத்து ஞாபகமே வரல, தப்புதான்...

மகள்: அதை அப்புறம் பேசிக்கறேன். இருங்க, கணக்கு இன்னும் சரியா வரல. மரத்தூள் போட்டா சூடு ஏறாது, சரி. ஆனா ஏறின சூடு விடியறதுக்குள்ள எப்படி இறங்குது? பன்னெண்டு டிகிரி!

மருமகன்: அது எனக்கும் புரியல. சத்தியமா நான் இல்ல.

மகள்: அப்பா, நீங்கதானே ஆறு மணிக்கு அளக்கறீங்க? உங்களுக்கு ஏதாவது... அப்பா? ஏன் அங்க திரும்பி நிக்கறீங்க?

அப்பா: ஆறு மணிக்குத்தான்மா அளக்கறேன். அஞ்சு மணிக்கே எழுந்து, எல்லாத்தையும் பிரிச்சுப் பரப்பி, நல்லா ஆறவிட்டுட்டு, திரும்பக் குவிச்சு மூடிட்டு... அப்புறம் அளக்கறேன். மரத்தூளும் கண்ணுல பட்டுச்சு. ஏன் போட்டீங்கன்னு கேக்கலாம்தான்... நீங்க எதுக்குப் பிரிச்சீங்கன்னு மாப்பிள்ளை திருப்பிக் கேட்டுட்டா, நான் என்னத்தச் சொல்றது?