மெதுவாகக் குடிக்கும் பீர்

இல்ல சார், அப்படி மடக்குன்னு குடிச்சா ஒண்ணுமே தெரியாது. இது தாகத்துக்கு ஊத்திக்கற பீர் இல்ல. கிளாஸ ரெண்டு கையாலயும் சுத்திப் பிடிங்க. ஆங், அப்படித்தான். கவுன்ட்டர்ல நிக்கறாளே ஹெர்டா, ரொம்பக் குளிரா ஊத்திட்டா. கொஞ்சம் கைச்சூடு ஏறட்டும்.

நாற்காலியா, இழுத்துப் போட்டுக்குங்க. அந்தக் கூடைய மட்டும் காலால தட்டிடாதீங்க, உள்ள என் புள்ள இருக்கான். ஆல்வின். ஏழு வாரம் ஆகுது. தூங்கறான். தூங்கறான்தானே? உங்க பக்கத்துலேர்ந்து நெஞ்சு தெரியுதா, ஏறி எறங்குதா? சரி. அப்ப சரி.

ஆமா, பீர் கடைக்குத்தான் கைக்குழந்தையத் தூக்கிட்டு வந்திருக்கேன். சிகாகோக்காரங்க எல்லாருமே இப்படி ஒரு பார்வை பாப்பீங்க. விஸ்கான்சின்ல இது சகஜம் சார். எங்கப்பா பீர் கடையில சீட்டாடிட்டு இருப்பாரு, மேஜைக்கு அடியில நான் தவழ்ந்துட்டு இருப்பேன்.

இப்ப ஒரு வாய். முழுங்கிடாதீங்க, நாக்குல கொஞ்சம் நிக்கட்டும். என்ன தெரியுது? கசப்பு கடைசியில லேசா வரும், போயிடும், அத விடுங்க. அதுக்கு முன்னால? ரொட்டியா? ரொட்டியில எது சார், உள்ள இருக்கற பஞ்சா, மேல செவந்து போன ஓரமா? ஓரம். பாத்தீங்களா, உங்களுக்கு நல்ல நாக்கு. அதுதான் மால்ட், முளை கட்டி வறுத்த பார்லி. கூடவே தேன் மாதிரி ஒண்ணு வரணும், ஆனா தொண்டையில ஒட்டக் கூடாது. ஒட்டலையே? நல்லது.

நான்தான் காய்ச்சினேன், அதான் இவ்வளவு குடையறேன். எங்க ஊர் ஜெர்மன்காரங்களுக்கு மே மாசம்னா இந்த பீர் வந்தாகணும், பனிக்காலத்துலயே காய்ச்சிடணும். பிப்ரவரியில எட்டு மாச வயிறு போய் அண்டாவுல இடிக்குது. பக்கவாட்டுல நின்னுதான் துடுப்பு போட்டுக் கிளறினேன். ஈஸ்ட் சேக்கறதுக்கு முன்னால, வெறும் இனிப்புக் கஷாயமா இருந்தப்ப ருசி பாத்ததோட சரி. அப்புறம் அது குளிர் அறைக்குப் போச்சு, நான் பிரசவத்துக்குப் போனேன். ரெண்டும் வெளிய வந்துடுச்சு. இது எப்படி வந்திருக்குன்னுதான் எனக்குத் தெரியாது.

ஒரு வாய் குடிச்சா என்னவா? டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டாங்க. ஒண்ணும் ஆகாதாம். ஆனா அன்னிக்கு ராத்திரி பாத்து தூக்கம் கெட்டியா வந்துடுச்சுன்னா? வேணாம் சார். நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்.

ஹெர்டா முணுமுணுக்கறதக் கண்டுக்காதீங்க. வர்றவங்க காதையெல்லாம் நான் தின்னுடறேனாம். நேத்து ஒரு தபால்காரர், அதுக்கு முன்ன ஒரு மாட்டு டாக்டர். சிகரெட் குடிச்சுக் குடிச்சு உன் நாக்கு செத்துப் போச்சு ஹெர்டா, உன்னக் கேட்டா வெந்நீரும் பீரும் ஒண்ணும்ப. சிரிக்கறா பாருங்க. பிரெட்செல் ஒண்ணு கொண்டு வருவா, முறுக்கு மாதிரி சுத்தின உப்பு ரொட்டி, கடுகு விழுது தொட்டுச் சாப்பிடுங்க. நிதானமாச் சாப்பிடுங்க. மெக்கானிக் உங்க வண்டிக்கு டயர் மாத்த இன்னும் நேரம் ஆகும்.

ஆயிடுச்சா? ஃபோன் வந்துடுச்சா.

இல்ல, போங்க. வண்டி ரெடின்னா கெளம்பத்தானே வேணும். கிளாஸ்ல பாதி இருக்கு, பரவால்ல.

ஒண்ணு சொல்லவா? சிஸ்டருங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ நான், பொய் சொன்னா காது செவந்துடும், நீங்களே பாத்திருப்பீங்க. பீர் நல்லா வந்திருக்குன்னு எனக்குத் தெரியும். மாட்டு டாக்டரும் ரொட்டி ஓரம்னுதான் சொன்னாரு, தபால்காரரும் அதையேதான் சொன்னாரு. மத்த பீர் வாங்கினவங்க பத்து நிமிஷத்துல எழுந்து போயிடறாங்க சார். இது கனம். இத யாராலயும் சட்டுனு குடிக்க முடியாது. அதான் உள்ள நுழையறவங்க கிட்ட எல்லாம் இதையே வாங்கச் சொல்றேன்.

பொறந்து வீட்டுக்கு வந்த புதுசுல ஒரு மத்தியானம் இவன் மூச்சு விடல. உதடு நீலமாப் போச்சு. வீட்டுல நான் மட்டும்தான். தூக்கிக் குலுக்கினேனோ, கத்தினேனோ, எதுவும் ஞாபகம் இல்ல, திரும்ப அழுதுட்டான். ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. என் வீட்டுக்காரர் கர்ட்டும் ஒண்ணும் இல்லங்கறாரு. இருக்கலாம். ஆனா அந்த வீட்டுல இவனோட தனியா உக்காந்திருக்க என்னால முடியல.

கர்ட்டுக்கு ஷிஃப்ட் முடிய ஆறாகும். ஹெர்டா இப்ப உள்ள போயிடுவா, வெள்ளிக்கிழமை ராத்திரின்னா இங்க எல்லாருக்கும் மீன்தான், வறுக்கணும். அப்புறம் இந்த ஹால்ல யாரும் இல்ல.

அவசரம்னா போங்க சார், தப்பா எடுத்துக்க மாட்டேன். இல்லேன்னா இன்னொரு கிளாஸ் என் கணக்குல சொல்றேன். குடிக்கணும்னு இல்ல, நீங்க வண்டி ஓட்டணும். சும்மா முன்னால வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாப் போதும்.